பட்டாணி நின்ற இடம்

“மெஷின் கெட்டுப்போச்சுன்னு எத்தனை தடவைங்க சொல்றது? அந்த ஸ்கூல்ல இருக்கிற—”

“மெஷினைப் பத்தி என்கிட்ட பேசாதே. லிஃப்ட் ரிப்பேர் பண்ணியே தலை நரைச்சவன் நான். மெஷின் எப்படிக் கெடும்னு எனக்கு—”

“விடைத்தாள் திருத்துற மெஷின் வேற, உங்க லிஃப்ட் வேற! வீட்ல எழுதினா ஒரு மார்க் குறையாம வாங்குற பொண்ணு, ஸ்கூல்ல மட்டும் எப்படிங்க ஃபெயிலாவா?”

“அதையேதான் நான் திருப்பிக் கேக்கறேன். ஸ்கூல்ல ஃபெயிலாகிற பொண்ணு, வீட்ல மட்டும் எப்படி முழு மார்க் வாங்குறா?”

“அப்ப என் பொண்ணு திருடிங்கறீங்க.”

“என் பொண்ணும்தான்!”

கேஸ் விசாரிக்க வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த கொழுந்தன், தட்டிலிருந்து மூன்றாவது பிஸ்கெட்டை எடுத்தான். பக்கத்தில் அவன் அண்ணி, கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, இது நமக்குத் தோதான கேஸா? பேசாம ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மைக் வாங்கிக் குடுத்துட்டுக் கிளம்பிடலாம்,” என்று முணுமுணுத்தான்.

“வாயை மூடு தம்பி.”

“மூடினா பிஸ்கெட் எப்படிப் போகும்?”

அண்ணி பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்பதைக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் முகத்தை மட்டும் யாராலும் படிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டத்தில் கொழுந்தன் ஒரு தடவைகூட அவளை ஜெயித்ததில்லை. வேலையை விட்டபின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உதவிக்கு ஆள் வேண்டும் என்றாள். வீட்டில் சும்மா இருந்தது கணவனின் தம்பி ஒருவன்தான்.

கேஸ் இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் எழுதும் வாசிப்பு, கணக்குத் தேர்வு. நாளைக் காலையில். ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு வட்டங்கள். சரியானதைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். வீட்டில் மாதிரித் தேர்வுப் புத்தகத்தை வைத்துப் பழக்கியபோதெல்லாம் பெண் வெளுத்து வாங்கினாள். பள்ளியில் இரண்டு முறை ஒத்திகைத் தேர்வு வைத்தார்கள். இரண்டிலும் கவிழ்ந்தாள்.

அந்தப் பெண் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் மிளகு என்று கூப்பிடுவார்கள். எட்டு வயதுக்கு உருவம் சின்னதுதான். அம்மா பேசும்போது அம்மாவையும், அப்பா பேசும்போது அப்பாவையும் பார்த்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

“மேடம், நீங்களே சொல்லுங்க,” என்று அம்மா அண்ணி பக்கம் திரும்பினாள். மருந்துக்கடை நடத்துகிறவள். கையில் இன்னும் மருந்து வாசனை. “மெஷின் கெட்டிருக்கலாம் இல்ல?”

“இருக்கலாம்மா,” என்றாள் அண்ணி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டே.

“கேட்டீங்களா?”

“கேட்டேன். நானும் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்.” அப்பா செல்போனை எடுத்துக் காட்டினார். டீச்சருக்கு அனுப்ப ஒரு செய்தி தட்டி வைத்திருந்தார். ‘என் மகள் வீட்டில் விடைகளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். நாளைத் தேர்வுக்கு அனுப்பவில்லை. இரண்டாம் வகுப்பிலேயே மறுபடி உட்காரட்டும்.’

மிளகின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

கொழுந்தனுக்குப் பிஸ்கெட் தொண்டையில் நின்றது. “சார், அனுப்பிடாதீங்க. எங்க அண்ணிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. எரிஞ்ச கடை எப்படி எரிஞ்சதுன்னே கண்டுபிடிச்சவங்க.”

“சாயங்காலம் வரைக்கும்தான்.”

“விடை எல்லாம் எங்கே இருக்கும்?” என்று கேட்டாள் அண்ணி.

“புத்தகத்துல கடைசிப் பக்கங்கள். முதல் நாளே கத்தரிச்சு எடுத்துட்டேன்,” என்றாள் அம்மா. “அலமாரிக்குள்ள. சாவி என் கழுத்துச் சங்கிலியில. பரீட்சை வைக்கறப்ப மட்டும்தான் வெளியே வரும். யார் உக்கார்றமோ அவங்க மடியில. உடனே மார்க் போடணுமில்ல?”

“யார் உக்காருவீங்க?”

“கடையில்லாத நாள்ல நான். மத்த நாள்ல இவரு.”

“இவ சைகை காட்டிச் சொல்லிக் குடுக்கறா,” என்றார் அப்பா.

“நீங்க காட்டறீங்களோ என்னவோ! எனக்கென்ன, நான் பாட்டுக்குப் பட்டாணி உரிச்சுக்கிட்டு இருப்பேன். குனிஞ்ச தலை நிமிர மாட்டேன்.”

“நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன். மூஞ்சியே தெரியாது.”

அண்ணி கையை நீட்டினாள். “எழுதின தாளெல்லாம் குடுங்க. வீட்டுல எழுதினது, ஸ்கூல்ல எழுதினது, அந்த விடைப் பக்கங்கள், எல்லாம்.”

தாள்கள் வந்தன. அண்ணி அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கொழுந்தன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“என்ன தெரியுது தம்பி?”

“வீட்டுத் தாள்ல எல்லாம் சரி. ஸ்கூல் தாள்ல…” அவன் கண்ணை ஒரு முறை தேய்த்துக்கொண்டான். “அண்ணி, ஸ்கூல் தாள் முழுக்க ஈயா மொய்க்குது! எல்லாக் கேள்விக்கும் ஈ-யைத்தான் நிரப்பியிருக்கா.”

“அதனால?”

“ஒண்ணும் தெரியாம கண்ணை மூடிக்கிட்டுப் போட்டிருக்கா.”

“கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா அங்கொண்ணும் இங்கொண்ணுமா விழும். இது கண்ணைத் தொறந்துக்கிட்டுப் போட்டது. வட்டத்துக்கு உள்ள பாரு.”

பார்த்தான். நிரப்பாத வட்டங்களில் கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரி பென்சில் புள்ளிகள். அ-வில் ஒன்று, ஆ-வில் ஒன்று, இ-யில் ஒன்று.

“இப்ப வீட்டுத் தாளைப் பாரு. இந்தக் கேள்விக்கு விடை இ. புள்ளி எங்கே இருக்கு?”

“அ-வுல, ஆ-வுல.”

“ஈ-யில?”

“இல்ல.”

“இதுக்கு விடை ஆ.”

“அ-வுல மட்டும் புள்ளி. அதுக்கு அப்புறம் சுத்தம்.” கொழுந்தன் தலையைச் சொறிந்தான். “சரியான விடை வர்ற வரைக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவா தட்டிட்டுப் போயிருக்கா. சரியான வீடு வந்ததும் உள்ள போயிட்டா. அப்புறம் அடுத்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல.”

“இப்பத்தான் பிஸ்கெட் செரிச்சிருக்கு உனக்கு.”

“ஆனா அண்ணி, விடையைத் திருடினவ எதுக்குக் கதவு தட்டணும்? நேரா அந்த வீட்டுக்கே போயிருக்கலாமே?”

அண்ணி தாள்களை மேஜை மேல் வைத்தாள். பெற்றோர் பக்கம் திரும்பினாள். “நீங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மொட்டை மாடிக்குப் போய்ச் சண்டை போடுங்க. நாங்க பாப்பாவுக்கு ஒரு பரீட்சை வைக்கறோம்.”

அவர்கள் படியேறும்போதே மெஷின் பற்றிய பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது.

அண்ணி புத்தகத்தில் மிளகு இன்னும் தொடாத பக்கம் ஒன்றைப் பிரித்தாள். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் வரிசையாக எழுத்துகளை எழுதிக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

“நீ எதிர்ல உக்காரு. கேள்வி உன் கண்ணுல படக் கூடாது. இந்தச் சீட்டை மட்டும் மேஜைக்கு அடியில வெச்சுப் பார்த்துக்கோ. அவங்க அப்பா அம்மா எப்படி உக்காருவாங்களோ அப்படி.”

“சீட்டு சரிதானே?”

“புத்தகத்துல இருக்கறதை அப்படியே எழுதியிருக்கேன்.” அண்ணி கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டாள்.

“நான் வாயே தொறக்க மாட்டேன் அண்ணி.”

“தொறக்கலாம். பிஸ்கெட் சாப்பிட்டுக்கிட்டே இரு.”

“இந்த மாதிரி வேலையைத்தான் இத்தனை நாளா எதிர்பார்த்தேன்!”

மிளகு பென்சிலோடு உட்கார்ந்தாள். பத்துக் கேள்விகள். கொழுந்தன் கல் மாதிரி உட்கார்ந்து, தட்டைக் காலி செய்வதில் கவனமாக இருந்தான். பெண் ஒரு தடவைகூட அவன் பக்கம் தலையைத் திருப்பியதாகத் தெரியவில்லை. பென்சில் தொட்டது, நகர்ந்தது, தொட்டது, நிரப்பியது.

முடிந்ததும் அவன் சீட்டை வைத்துச் சரிபார்த்தான். “பத்துக்குப் பத்து! அண்ணி, இவ திருடியும் இல்ல, ஃபெயிலும் இல்ல. மேதை!”

“அப்படியா? அஞ்சாவது கேள்வியைச் சத்தமாப் படி.”

அவன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினான். “‘பேருந்தில் இருபத்து நான்கு பேர் இருந்தார்கள். ஒன்பது பேர் இறங்கினார்கள். மீதி எத்தனை பேர்?’”

“அவ என்ன போட்டிருக்கா?”

“அ. அதாவது… முப்பத்து மூணு.” கொழுந்தன் பென்சில் குறியை மறுபடி பார்த்தான். “இறங்கினவங்க போய்ச் சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு மறுபடி ஏறிட்டாங்களா? சீட்டுலயும் அ-ன்னுதானே இருக்கு!”

“சீட்டுல இருக்கறது பூரா தப்பு. ஒவ்வொரு விடையையும் ஒரு எழுத்து தள்ளி எழுதினேன். புத்தகப்படி பார்த்தா பாப்பாவுக்குப் பூஜ்யம். உன் சீட்டுப்படி பார்த்தா நூத்துக்கு நூறு.”

“அப்ப அவ புத்தகத்தைப் படிக்கல…”

“உன்னைப் படிச்சிருக்கா.”

கொழுந்தன் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அதில் அப்படி என்ன எழுதியிருக்கிறது?

மிளகு பென்சிலைக் கீழே வைத்தாள். “ஆன்ட்டி, நான் திருடல.”

“தெரியும் கண்ணு. எப்படின்னு மட்டும் சொல்லு. இது வரைக்கும் உன்னை யாரும் கேக்கல இல்ல?”

பெண் இல்லை என்று தலையாட்டினாள். “இந்த அங்கிள் ரொம்ப ஈஸி. சரியான வட்டத்துல பென்சில் வெச்சா மெல்றதை நிறுத்திடுவார். நிரப்பினதும் மறுபடி மெல்லுவார்.”

“துரோகி வாய்!” என்று கொழுந்தன் தன் தாடையில் ஒரு தட்டுத் தட்டினான்.

“அம்மாவுக்குப் பட்டாணி. உரிச்சுக்கிட்டே இருப்பாங்க, டப் டப்னு கிண்ணத்துல விழும். சரியான இடத்துக்கு வந்தா விழாது. அப்பாவுக்குக் காலு. வீட்டுச் செருப்பு ஆடிக்கிட்டே இருக்கும். நின்னுடும்.”

“ஸ்கூல்ல?”

“அங்கே யாருமே எதையும் நிறுத்தல ஆன்ட்டி. மிஸ் நடந்துக்கிட்டே இருந்தாங்க. ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துது. நானும் அ, ஆ, இ-ன்னு போய்க்கிட்டே இருந்தேன். ஈ-க்கு அப்புறம் வட்டமே இல்ல.”

கொழுந்தனுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

“எப்போதிருந்து இப்படி?”

“முதல்ல நானேதான் போட்டேன். தப்பாப் போட்டா அம்மா ‘ப்ச்’னு ஒரு சத்தம் போடுவாங்க. சின்னச் சத்தம்தான். ஆனா எனக்கு வயித்துல கேக்கும்.”

மாடியிலிருந்து இறங்கி வந்தவர்களிடம் அண்ணி விஷயத்தைச் சொன்னாள். கொழுந்தன் பட்டாணி உரித்துக் காட்டி, காலாட்டிக் காட்டி, ஒரு முழு நாடகமே நடத்தினான்.

“நான் காலாட்டறதே கிடையாது,” என்றார் அப்பா.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். செருப்பு சட்டென்று நின்றது.

“அப்ப பட்டாணி விஷயமும் நெசமா?” என்றாள் அம்மா, குரல் இறங்கிப்போய். “நான் நிறுத்தறேன்னு எனக்கே தெரியாதே மேடம்.”

“யாருக்குமே தெரியாதும்மா. பாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். செல்போன் இன்னும் கையிலேயே இருந்தது. “சரி, திருடல. அது வரைக்கும் சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இத்தனை நாளா எங்களைப் பார்த்தே எழுதியிருக்கான்னா, அவளுக்கா ஒண்ணுமே தெரியாதுன்னுதானே அர்த்தம்? அப்ப நாளைக்கும் அந்த ஈ-தானே? நான் அனுப்ப வேண்டியதை அனுப்பிடறேன்.”

மிளகு அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். ஏதாவது செய்யுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அண்ணி புத்தகத்தில் வேறொரு பக்கத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்திருந்தாள்.

“சார், நீங்க உக்காருங்க. நீங்களும் உக்காருங்கம்மா. ஆளுக்கொரு தாள், அஞ்சே கேள்வி. இப்ப பரீட்சை உங்களுக்கு.”

“எங்களுக்கா?”

“பாப்பாதான் டீச்சர். விடை அவ மடியில இருக்கும். அவ முகத்தைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.”

அப்பா பொறியியல் படித்த அலட்சியத்தோடு விறுவிறு என்று நிரப்பினார். அம்மா நகத்தைக் கடித்தாள். அண்ணி இருவருக்கும் பின்னால் நடந்தபடி, அப்பாவின் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டே விடைச் சீட்டை எழுதி முடித்து, மிளகிடம் நீட்டினாள். மிளகு தட்டிலிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்து, கொழுந்தனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரே சீராக மெல்லத் தொடங்கினாள். நிறுத்தவே இல்லை.

“பாடம் கத்துக்கிட்டா அண்ணி,” என்று கிசுகிசுத்தான் கொழுந்தன்.

மிளகு பென்சிலால் திருத்தினாள். ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று சரி. நான்காவதில் மெல்லுவது நின்றது.

“என்ன?” என்றாள் அம்மா.

மிளகு கேள்வியைத் தன் பக்கம் இழுத்து, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். “‘படம் மூன்றரை மணிக்கு ஆரம்பம். ஒன்றரை மணி நேரம் ஓடும். நடுவில் கால் மணி நேரம் இடைவேளை. எப்போது முடியும்?’ அப்பா அஞ்சு மணின்னு போட்டிருக்காங்க.”

“கரெக்ட்தானே? மூணரை, ஒண்ணரை, அஞ்சு,” என்றார் அப்பா.

“அம்மாவும் அஞ்சு.”

“அப்பா போட்டா சரியாத்தான் இருக்கும்னு ஓரக்கண்ணால பார்த்துட்டேன்,” என்று அம்மா அசடு வழிந்தாள்.

“சீட்டுலயும் அஞ்சுன்னுதான் இருக்கு.”

“அப்புறம் என்ன கண்ணு?” என்றாள் அண்ணி. “சீட்டுல இருக்கறதுதான் சரி. டிக் போடு.” மறுபடியும் கண்ணாடி மேலே ஏறியது. அதோடு எழுந்து போய், ஜன்னல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

மிளகின் பென்சில் தாள் மேல் நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். கொழுந்தனைப் பார்த்தாள். அவன் வாயில் ஒன்றுமே இல்லாமல், மாடு அசைபோடுவது மாதிரி மென்றுகொண்டே இருந்தான். தாடை வலித்தது. நிறுத்தினால் அந்தப் பெண் நாளைக்கு ஈ-க்குப் போய்விடுவாள் என்று தோன்றியது. மென்றான்.

நிற்பதற்கு வீட்டில் எதுவும் மிச்சமில்லை. மிளகு தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள். கடிகார முள் போட்டாள். உதடு அசைய எண்ணினாள். அழித்தாள். மறுபடி எண்ணினாள்.

பிறகு அப்பாவின் விடை மேல் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அம்மாவின் விடை மேல் ஒன்று. கடைசியாகச் சீட்டை எடுத்து, அதன் மேலும் ஒன்று, மற்ற இரண்டையும்விடப் பெரியதாக.

“அப்பாவும் தப்பு, அம்மாவும் தப்பு, இந்தச் சீட்டும் தப்பு. அஞ்சே கால்.”

“எப்படி?” என்றார் அப்பா.

“இடைவேளையை விட்டுட்டீங்களே அப்பா. இடைவேளையே விடாம படம் ஓட்டினா, இந்த அங்கிள் பிஸ்கெட்டுக்கு எங்கே போவார்?”

முதலில் சிரித்தது அம்மா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கேள்வியை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இருக்கு,” என்றார் கடைசியில். “நடுவுல இருக்கு. நான் படிக்கவே இல்ல.”

“ப்ச்,” என்றாள் மிளகு.

கொழுந்தன் வெடித்துச் சிரித்தான். அப்பாவும்தான். அவர் செல்போனை எடுத்து, தட்டி வைத்திருந்த செய்தியை ஒவ்வொரு எழுத்தாக அழித்து முடித்தார். “நாளைக்கு நானே கொண்டுபோய் விடறேன். வாசல்லயே நின்னுடறேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.”

“காலை ஆட்டிக்கிட்டே நில்லுங்க,” என்றாள் அம்மா. “எனக்கும் இனிமே பரீட்சை நேரத்துல பட்டாணி வேண்டாம். புத்தகத்தை அவகிட்டயே குடுத்துடறேன். நான் கடையிலயே இருந்துக்கறேன்.”

அண்ணி ஜன்னலை விட்டுத் திரும்பிக் கைப்பையை எடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கொழுந்தனுக்கு அவள் எப்போதும் ஓர் ஆச்சரியம்தான். நாலாவது கேள்வியில் வேண்டுமென்றே பொய் எழுதி வைத்துவிட்டு, அதைச் சரியென்று சாதித்துவிட்டு, இதோ, இப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கியவள் மாதிரி நிற்கிறாள்.

“பார்த்தியா தம்பி? எதிராளி முகத்தைப் படிக்கறது பெரிசில்ல. நம்ம முகத்தை மூடி வைக்கத் தெரியணும்.”

“அதான் ஞாயித்துக்கிழமை தவறாம தோத்துக்கிட்டு இருக்கேனே அண்ணி. இன்னும் என்ன தெரியணும்?”

அவர்கள் செருப்பு மாட்டும்போது மிளகு வாசல் வரைக்கும் வந்தாள். கொழுந்தன் கையில் கடைசி பிஸ்கெட்டைத் திணித்தாள். பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, நீங்க பொய் சொல்றப்ப மட்டும் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கறீங்களே, அது உங்களுக்குத் தெரியுமா?”